ஒத்த விசிலும் கலகல வளையலும்

ஒரு ஊர்ல ஒரு விசில் இருந்துச்சாம். அந்த விசிலுக்குப் பின்னாடி ஒரு கண்டக்டர் இருந்தானாம். அவன் பேரு கலியமூர்த்தி.

சிரிக்காத. சிரிச்சா இருமல் வரும். ஆங், வந்துடுச்சு பாரு. முழங்கைய மடக்கி அதுக்குள்ள இரும்பு. அப்படித்தான். ரெண்டு மடக்கு வெந்நி குடி. இப்ப படுத்துக்க. நான் நிறுத்துறப்பல்லாம் "ம்" சொல்லணும். "ம்" வரலேன்னா நீ தூங்கிட்டேன்னு வெளக்க அணச்சிருவேன்.

"ம்."

கலியமூர்த்திக்கு ஒரு மினி பஸ்ஸு இருந்துச்சு. அவனோடது இல்ல, மொதலாளியோடது. ஆனா யாரு கேட்டாலும் "எம் பஸ்ஸு"ன்னுதான் சொல்லுவான். பச்சை கலரு. நெத்தியில மஞ்சள் எழுத்துல செல்லியம்மன்னு எழுதியிருக்கும். டிரைவரு ஜெகபர் பாய். அவருக்கு வாய்ல எப்பவும் ஒரு கிராம்பு, டேப்புல எப்பவும் ஒரு பழைய பாட்டு. காலையில ஆறரைக்கு எங்க ஊரு கடைத்தெருவுல கெளம்பும். வாய்க்கா கரையோரமாவே ஆடி ஆடிப் போயி, பதினேழு ஸ்டாப்பு தாண்டி, டவுன் பெரியாஸ்பத்திரி வாசல்ல புஸ்ஸுன்னு மூச்சு விட்டு நிக்கும். அப்புறம் அதே வழியில திரும்பும்.

ஒத்த விசில் அடிச்சா பஸ்ஸு நிக்கணும். பீர்ர்ர். ரெட்ட விசில் அடிச்சா கெளம்பணும். பீர்ர் பீர்ர். அவ்வளவுதான் கண்டக்டர் பாஷ.

ஊருக்கெல்லாம் ஒத்த விசில் அடிச்சு நிறுத்துவான் கலியமூர்த்தி. தனக்குன்னு ஒண்ணு அடிக்க மட்டும் தெரியாது. பதினோரு வருஷமா ஒரு நாள் லீவு போட்டதில்ல. நான் போகலேன்னா பஸ்ஸு அழுவும்பான்.

அவனுக்கு ஒரு பொண்டாட்டி. ரொம்ப அழகா இருப்பா.

என்ன சிரிப்பு? கதையில வர்ற பொண்டாட்டி அழகாத்தான் இருப்பா. அவங்க வீட்டுலயே காலேஜ் வாசல மிதிச்ச மொத ஆளு அவதான். அதனால எதையும் ரெண்டு தடவ படிச்சுப் பாத்துட்டுத்தான் நம்புவா. மாத்திர அட்டையக் கூட திருப்பித் திருப்பித் தேதி பாப்பா. கலியமூர்த்தி அவளுக்கு வெச்ச பேரு பயந்தாங்கொள்ளி.

அப்புறம் அவனுக்கு ஒரு தங்கச்சி. மங்கையர்க்கரசின்னு பேரு, மங்கை மங்கைன்னு கூப்புடுவாங்க. அம்மா அப்பா ரெண்டு பேரும் சின்ன வயசுலயே போயிட்டாங்க. இவன்தான் அவளுக்குத் தலை பின்னி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடம் கொண்டு விட்டு வளத்தான். அதனால மங்கைக்கு அண்ணன் சொன்னா சொன்னதுதான். சூரியன் மேற்கால உதிக்குதுன்னு அண்ணன் சொன்னா, மேற்க பாத்து நின்னு கோலம் போடுவா.

அவள கட்டிக் குடுத்தது அதே வாய்க்கா கரையில, பன்னெண்டாவது ஸ்டாப்பு. புருஷன் சிங்கப்பூர்ல வேல. பஸ்ஸு சத்தம் கேட்டா போதும், செய்யிற வேலைய அப்படியே போட்டுட்டு வாசல்ல வந்து நிப்பா. கலியமூர்த்தி ரெட்ட விசில் அடிச்சு, அதுக்கு மேல குட்டியா ஒண்ணு சேத்து அடிப்பான். பீர்ர் பீர்ர்... பிப். அந்த "பிப்" மங்கைக்கு. நல்லாருக்கியா, சாப்ட்டியா, அண்ணன் போயிட்டு வரேன், எல்லாம் அந்த ஒரு "பிப்"புக்குள்ள இருக்கும்.

"ம்."

அப்போ மங்கை முழுகாம இருந்தா. ஏழாம் மாசம். ஐப்பசி பொறந்துச்சு, அடமழை புடிச்சுக்கிச்சு. சடசடசடன்னு தகரத்துல கொட்டுற மாதிரி மழை. அந்த பஸ்ஸுல தெனமும் வர்ற ஒரு பெரியவர் உண்டு. தலையில இவ்வளவு பெரிய முண்டாசு. கோடையிலயும் அவுக்க மாட்டாரு. பஸ்ஸுல கால வெச்சதும் அவரு சொல்ற மொத வார்த்த, "ஷட்டர எறக்குங்கப்பா. சாரல் தலையில பட்டா காய்ச்சல் வரும்."

டமார். டமார். டமார். எல்லா ஷட்டரும் எறங்கும். ஒரு பொட்டு காத்து வராது. ஈரக் கொட, மல்லிப்பூ, தல எண்ண, யாரோ கூடையில வெச்சிருக்கிற கருவாடு, ஜெகபர் பாயோட கிராம்பு, எல்லாம் சேந்து ஒரு வாசன வரும் பாரு. இப்பவும் மழை பேஞ்சா அது மூக்குல வந்து நிக்குது. எத்தன பேரு, எத்தன பேச்சு. யாரு வீட்டுல பொண்ணு பாக்க வந்தாங்க, யாரு வீட்டு மாடு கன்னு போட்டுச்சு, எல்லாம் அந்த இருட்டுக்குள்ளதான் தெரியும்.

அதுக்குள்ளதான் ஒருத்தரு இருமுவாரு. லொக்கு. அப்புறம் இன்னொருத்தரு. லொக்கு லொக்கு. காய்ச்சல் வெளியில இருந்து வந்துடக் கூடாதுன்னு எல்லா ஷட்டரையும் எறக்கிட்டாங்க. காய்ச்சல் உள்ளதான் ஒக்காந்திருந்துச்சு, டிக்கெட் எடுக்காம.

அந்த பஸ்ஸுல புதன்கிழம ஆனா ரெஜினா சிஸ்டர் ஏறுவாங்க. சுகாதார நிலையத்து நர்சம்மா. மடியில ஒரு நீல ஐஸ் பெட்டி, அதுக்குள்ள தடுப்பூசி. இருமுற சத்தத்த கேட்டுட்டு கலியமூர்த்திய கூப்புட்டு சொன்னாங்க. தம்பி, இந்த மழைக்காலத்துக்குன்னே வர்ற ஒரு சளிக்காய்ச்சல் இருக்கு, ஃப்ளூன்னு சொல்றது. கண்ணுக்குத் தெரியாத கிருமி. ஒருத்தன் இருமுனா, தும்முனா, துளித்துளியா பறந்து பக்கத்துல இருக்கவன் மூச்சுல ஏறும். கையில இருமிட்டு அந்தக் கையால கம்பிய புடிச்சா, அதே கம்பிய புடிச்ச அடுத்தவன் மூக்க தேய்ச்சா, அங்கயும் ஏறும். நீங்க நாளெல்லாம் இந்தக் கூட்டத்துக்குள்ள நிக்கிறவரு, வந்து ஒரு தடுப்பூசி போட்டுக்கங்க. அது வருஷா வருஷம் சட்டைய மாத்திக்கிட்டு வர்ற கிருமி, அதனால ஊசியும் வருஷா வருஷம் போடணும்னாங்க.

கலியமூர்த்தி நெஞ்ச நிமித்திக்கிட்டான். "நல்லா இருக்கிறவனுக்கு எதுக்கு சிஸ்டர் ஊசி? ஓடுற வண்டிக்கு என்ன வைத்தியம்?"

"ஓடுற வண்டிக்குத்தானே தம்பி ஆயில் மாத்துறீங்க?"

முன்னால ஜெகபர் பாய் கிராம்பு வெளிய தெறிக்கிற மாதிரி சிரிச்சாரு. பஸ்ஸே சிரிச்சுது. கலியமூர்த்திக்கு ரோசம் வந்துடுச்சு. ஸ்டாப்பு வந்துச்சு, சிஸ்டர் எறங்குனாங்க, பீர்ர் பீர்ர்னு அடிச்சுட்டான். அது மொத ரெட்ட விசில். நிக்க வேண்டிய எடத்துல நிக்காம போன மொத தடவ.

அன்னிக்கு சாயங்காலம் மங்கை போன் பண்ணுனா. சிஸ்டர் அவ வீட்டுக்கும் போயிருக்காங்க. வயித்துல புள்ள இருக்கிறவங்களுக்கு அந்தக் காய்ச்சல் வந்தா நெஞ்சு வரைக்கும் எறங்கும், அதனால கட்டாயம் போட்டுக்கம்மான்னு சொல்லியிருக்காங்க. மங்கை கேட்டா, "அண்ணா, போட்டுக்கவா?"

கலியமூர்த்திக்கு அத பத்தி ஒண்ணும் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வாய் வரல, அண்ணன் இல்லியா. "வேணாம்மா. வயித்துல புள்ளய வெச்சுக்கிட்டு கண்ட ஊசியும் போடக் கூடாது"ன்னுட்டான். பயந்தாங்கொள்ளி பக்கத்துல நின்னுக்கிட்டு, தெரியாத விஷயத்த ஏன் சொல்றீங்க, சிஸ்டர்கிட்டயே கேக்கலாம்லன்னு மொணமொணத்தா. அவன் காதுல வாங்கல. மங்கை சரிண்ணான்னு போன வெச்சுட்டா.

தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

அப்புறம் ஒரு பத்து நாளு. வெள்ளிக்கிழம காலையில நல்லா வேலைக்குப் போன கலியமூர்த்தி, மத்தியானம் திரும்பி வந்தப்ப ஆளு ஆளாவே இல்ல. கை காலெல்லாம் ஒலக்கையால இடிச்ச மாதிரி வலி. தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. பல்லு கடகடகடன்னு அடிக்குது. லொக்கு லொக்குன்னு வறட்டு இருமல். சாதாரண சளி மெதுவா வந்து மெதுவா போவும். இது அப்படி இல்ல, பொடனியில அடிக்கிற மாதிரி வந்துச்சு.

பொண்டாட்டி தரதரன்னு சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கிட்டுப் போனா. அங்க ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. பாத்தாங்க, நெஞ்சுல கொழாய வெச்சுக் கேட்டாங்க. இது ஃப்ளூ மாதிரிதான் இருக்கு, காய்ச்சலுக்கு மாத்திர தரேன், நெறய தண்ணி குடிங்க, கஞ்சி குடிங்க, படுத்துத் தூங்குங்க, அஞ்சு நாளைக்கு யாரு பக்கத்துலயும் போகாதீங்க, மூச்சு வாங்குனாலோ, எறங்குன காய்ச்சல் திரும்ப ஏறுனாலோ ஓடி வாங்கன்னாங்க.

கலியமூர்த்தி சட்டக் கைய மடிச்சுக்கிட்டே ஒக்காந்திருந்தான். "ஊசி?"

"ஊசி வேணாங்க. இந்தக் கிருமிக்கு நீங்க கேக்குற ஊசி கேக்காது."

வெளிய வந்ததும் ஊசி போடத் தெரியாதவங்கள எல்லாம் யாரு டாக்டர் ஆக்குனதுன்னு தெருவே கேக்கப் பொலம்புனான். நேரா ஒரு மருந்துக்கடைக்குப் போனான். அங்க ஒரு கம்பவுண்டர், கேட்டா போட்டு விடுவாரு. சுருக். ஒரு ஊசி. மறுநாளு காய்ச்சல் மட்டுப்பட்டுச்சு. "பாத்தியா? ஒரே ஊசி. ஆளு எழுந்துட்டேன்"னு சொல்லிட்டு விசில எடுத்து மாட்டிக்கிட்டான்.

சூட்ட எறக்குனது டாக்டரம்மா குடுத்த மாத்திர. பேரு வாங்கிக்கிட்டது ஊசி. கிருமி ரெண்டையும் பாத்துச் சிரிச்சுக்கிட்டு நெஞ்சுக்குள்ள சம்மணம் போட்டு ஒக்காந்திருந்துச்சு.

வாசல்ல நின்னு பொண்டாட்டி கத்துனா, சூடு எறங்குனா கிருமி போயிட்டுதுன்னு அர்த்தமில்லங்க, இன்னும் ஊருக்கெல்லாம் ஒட்டும்னு. பீர்ர் பீர்ர். அது ரெண்டாவது ரெட்ட விசில்.

அதுக்கு மறுநாளு ஞாயித்துக்கிழம, மங்கைக்கு வளைகாப்பு. வளைகாப்பு முடிஞ்சா பொண்ண பொறந்த வீட்டுக்குக் கூட்டியாரணும். பொறந்த வீட்டு ஆளு போயிதான் கூட்டியாரணும். பொண்டாட்டி கையெடுத்துக் கும்புட்டா. நான் போயி கூட்டியாரேன், நீங்க மாடியில படுங்க, இருமல் நிக்கட்டும்னா. அவன் கேட்டான், "அம்மா இல்லாத பொண்ணு. அண்ணனும் போகலேன்னா சபையில அவ மொகத்த எங்க கொண்டு வெச்சுப்பா?"

பாசத்துலதான் போனான். கிருமிக்கு பாசம் தெரியாது.

அது மூணாவது ரெட்ட விசில்.

மத்தியான ட்ரிப்புல பன்னெண்டாவது ஸ்டாப்பு வந்துச்சு. வாசல் நெறய பொம்பளைங்க. நடுவுல மங்கை. கன்னம் ரெண்டுலயும் சந்தனம், நெத்தியில குங்குமம், முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். செகப்பு, பச்ச, செகப்பு, பச்ச. நடந்தா கலகலகல, சிரிச்சா கலகலகல. மழை கொட்டுது. முண்டாசுப் பெரியவர் சொல்லியாச்சு, எல்லா ஷட்டரும் டமார். கலியமூர்த்தி தன்னோட கண்டக்டர் சீட்டத் தொடச்சு, துண்ட மடிச்சுப் போட்டு, தங்கச்சிய அதுல ஒக்கார வெச்சான். அண்ணா உனக்கு ஒடம்பு சரியில்லியாமேன்னு கேட்டா. அதெல்லாம் ஒரே ஊசியில ஓடிப்போச்சுன்னான். அப்புறம் பையிலேர்ந்து ஒரு கமலா ஆரஞ்ச எடுத்தான். அவளுக்கு ரொம்பப் புடிக்கும்னு வாங்கி வெச்சிருந்தான். லொக்கு லொக்குன்னு உள்ளங்கையில இருமிட்டு, அதே கையால தோல உரிச்சு, நாரெல்லாம் எடுத்து, ஒவ்வொரு சொளையா அவ வாயில ஊட்டுனான். சின்ன வயசுல சோறு ஊட்டுன மாதிரி.

அவ சிரிச்சுக்கிட்டே வாங்கித் தின்னா. பன்னெண்டு ஸ்டாப்பும் தின்னுக்கிட்டே வந்தா. கலகலகல.

"ம்..."

என்னடி, குரல் கம்முது? பயப்படாத. ஒரு மடக்கு வெந்நி குடிச்சுக்க. ஆங்.

திங்கக்கிழம ஒண்ணுமில்ல. செவ்வாக்கிழம மங்கை சாப்பாட்ட பாதியில வெச்சுட்டா. என்னன்னு கேட்டா அலுப்புன்னா. காய்ச்சல் அடிச்சிருக்கு, சொல்லல. அண்ணனுக்கு எதுக்கு செரமம்னு போத்திக்கிட்டுப் படுத்துட்டா. அண்ணன் வளத்த பொண்ணு, அவளுக்கும் ஒத்த விசில் தெரியல. அவன் பொண்டாட்டியாவது நெத்திய தொட்டுப் பாத்திருக்கலாம். பாக்கல. பயந்தாங்கொள்ளின்னு பேரு மட்டும் பெருசா இருந்து என்ன செய்ய.

புதன்கிழம மத்தியானம் கஞ்சி எடுத்துக்கிட்டு உள்ள போனா, மங்கை சுவத்துல சாஞ்சு ஒக்காந்திருக்கா. ஒரு வார்த்த பேசுறா, மூச்சு வாங்குறா. இன்னொரு வார்த்த, இன்னொரு மூச்சு. ஒதடு வெளுத்துக் கெடக்கு. "அண்ணி, காலையிலேர்ந்து... புள்ள... சரியா அசையல"ன்னா. அண்ணனுக்குப் போட்ட அதே ஊசிய போடச் சொல்லுங்க, சரியாயிடும்னா.

அவன் பொண்டாட்டி பயந்தாங்கொள்ளிதான். ஆனா அன்னிக்குதான் அந்த பயம் ஒரு வேலைக்கு ஆச்சு. ரெஜினா சிஸ்டர் நம்பர எப்பவோ எழுதி அடுப்பாங்கர சுவத்துல ஒட்டி வெச்சிருந்தா. போன போட்டா. ஒரு நிமிஷம் கூட காத்திருக்காதீங்க, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, படுக்க வெக்காம சாச்சு ஒக்கார வையுங்க, காத்து வரட்டும், அவ வாயையும் மூக்கையும் இழுத்துக் கட்டாம லேசா துணியால மறச்சு விடுங்கன்னாங்க. ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணுனா. அது வேற ஊருக்குப் போயிருக்கு, தரைப்பாலத்த தண்ணி மூடிடுச்சு, சுத்தி வர ஒரு மணி நேரம் ஆகும்னாங்க.

அப்போ தூரத்துல பழைய பாட்டு கேட்டுச்சு. செல்லியம்மன் வருது. அவ நடு ரோட்டுல போயி நின்னுட்டா. தலையில மழை, கைய ரெண்டையும் விரிச்சுக்கிட்டு.

படியில தொங்கிக்கிட்டு வந்த கலியமூர்த்தி அவள பாத்தான். அவ மொகத்த பாத்தான். வாயில விசில வெச்சான்.

பீர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்.

அவ்வளவு நீளமா ஒத்த விசில் அந்த வாய்க்கா கரையில யாரும் கேட்டதில்ல. பஸ்ஸுக்கு மட்டும் அடிச்ச விசில் இல்ல அது.

மங்கைய தூக்கிட்டு வந்து கண்டக்டர் சீட்டுல சாச்சு வெச்சாங்க. உள்ள ஒரு முப்பது பேரு இருந்தாங்க. கலியமூர்த்தி நடுவுல வந்து நின்னான். "இது எந் தங்கச்சி. ஏழு மாசம். எங்கிட்டருந்து காய்ச்சல் ஒட்டிக்கிச்சு, மூச்சு விட முடியல. இந்த பஸ்ஸு இனிமே எந்த ஸ்டாப்புலயும் நிக்காது. எறங்கறவங்க எறங்கிக்கங்க."

கைக்கொழந்தையோட இருந்தவங்க ரெண்டு பேரு எறங்குனாங்க. வயசான பாட்டி ஒண்ணு எறங்குச்சு. அது சரி, அவங்க எறங்கத்தான் வேணும். ஒருத்தர் மேலயும் தப்பு இல்ல. இன்னும் கொஞ்சம் பேரும் எறங்குனாங்க. மத்தவங்க எழுந்து முன்பக்கம் போயி ஒட்டிக்கிட்டாங்க. பின்னால மங்கை, அவ அண்ணி, அப்புறம் காலி சீட்டு.

அப்போ முண்டாசுப் பெரியவர் எழுந்தாரு. எல்லாரும் அவர பாக்குறாங்க. அவரு தன் பக்கத்து ஷட்டர புடிச்சு மேல தள்ளுனாரு. டமார். "அந்தப் பொண்ணுக்குக் காத்து வேணும்ப்பா. எல்லாத்தையும் தூக்குங்க"ன்னாரு. அப்புறம் தலையில கைய வெச்சு அந்த முண்டாச அவுத்தாரு. முழு வழுக்க. முப்பது வருஷமா யாரும் பாக்காத வழுக்க. அந்தத் துணிய மங்கை மேல சாரல் அடிக்காம போத்தச் சொல்லிக் குடுத்துட்டு, வெறுந்தலையோட மழையில ஒக்காந்துட்டாரு.

டமார், டமார், டமார். எல்லா ஷட்டரும் மேல ஏறிடுச்சு. கொட்டுற மழையில, எல்லா ஜன்னலும் தெறந்து, தொப்பு தொப்புன்னு நனைஞ்ச ஜனத்தோட ஒரு பச்ச பஸ்ஸு பறக்குது.

ஒவ்வொரு ஸ்டாப்புலயும் ஆளு கைய நீட்டி நிக்கிறாங்க. பீர்ர் பீர்ர். நிக்கல. அடுத்த ஸ்டாப்பு, பீர்ர் பீர்ர். கலியமூர்த்தி கண்ணுலேர்ந்து தண்ணி வழியுது, மழையாவும் இருக்கலாம். பன்னெண்டாவது ஸ்டாப்பு வந்துச்சு. மங்கை நிக்கிற வாசல் காலியா கெடக்கு. அவனுக்கு வாய் பழக்கம். பீர்ர் பீர்ர்... அப்புறம் அவனயும் மீறி, பிப்.

பின்சீட்டுல கண்ண மூடியிருந்த மங்கை, வளையல் கைய இவ்ளோண்டு தூக்குனா. கல்.

ஜெகபர் பாய் பாட்ட நிறுத்திட்டாரு. வண்டிய இன்னும் மிதிச்சாரு.

"ம்."

பெரியாஸ்பத்திரி வாசல்லயே ஸ்ட்ரெச்சர் நின்னுச்சு, ரெஜினா சிஸ்டர் போன் பண்ணி வெச்சிருந்தாங்க. ஆக்ஸிஜன் வெச்சாங்க. அந்தக் கிருமிக்குன்னே இருக்கிற மாத்திரைய குடுத்தாங்க. அத மொத ரெண்டு நாளுக்குள்ள ஆரம்பிக்கணும், அப்பதான் நல்லா கேக்கும். டிரிப்ஸ் ஏத்தணும்னு ஒரு நர்ஸு வளையல ஒண்ணொண்ணா கழட்டி கலியமூர்த்தி கையில குடுத்தாங்க. அவனுக்கு எங்க வெக்கிறதுன்னு தெரியல. தோல் பையத் தெறந்து உள்ள போட்டான்.

டாக்டர் வந்து, தடுப்பூசி போட்டாங்களான்னு கேட்டாரு.

"நான்தான் வேணாம்னு சொன்னேன்"ன்னான் கலியமூர்த்தி. "எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் சொன்னேன்."

டாக்டர் திட்டல. போட்டிருந்தாலும் வரவே வராதுன்னு சத்தியம் பண்ண முடியாது, ஆனா இவ்வளவு தூரம் வந்திருக்காது, பெரும்பாலும்னாரு. அந்த "பெரும்பாலும்"ங்கிற வார்த்தய வெச்சுக்கிட்டு அவன் மூணு நாளு அந்த நடையில ஒக்காந்திருந்தான். சோறு எறங்கல. அசைஞ்சா பைக்குள்ள வளையல் கல்லுங்கும். அந்த சத்தத்துக்கு பயந்து அசையாம ஒக்காந்திருப்பான். பஸ்ஸு மூணு நாளும் வேற ஆள வெச்சு ஓடுச்சு. அழல.

மொத நாளு, ஒண்ணும் சொல்ல முடியாதுன்னாங்க. ரெண்டாம் நாளு, பாக்கலாம்னாங்க. மூணாம் நாளு காலையில நர்ஸு வெளிய வந்து, உள்ள ஒங்க தங்கச்சி ஆரஞ்சு கேக்குதுன்னாங்க.

கடைக்கு ஓடுனான். வாங்கிட்டு வந்தான். உள்ள போகல. கொழாயடிக்குப் போனான். சோப்பு போட்டு, உள்ளங்கை, பொறங்கை, வெரல் இடுக்கு, நகக்கண்ணுன்னு தேச்சான். கழுவுனான். மறுபடியும் தேச்சான். பக்கத்துல நின்ன ஆளு, யோவ் கை தேஞ்சுடப் போவுதுன்னாரு. அப்புறம்தான் உள்ள போயி தோல உரிச்சு, நாரெடுத்து, ஒவ்வொரு சொளையா ஊட்டுனான். வயித்துல இருக்கிறது ஒரு ஒத விட்டுச்சு.

தை மாசம் ஒரு பொம்பளப் புள்ள பொறந்துச்சு. பொறந்ததும் போட்ட கத்தல்ல, இது விசில் குடும்பம்தான்னாரு ஜெகபர் பாய்.

அடுத்த மழைக்கு முன்னால, புரட்டாசியில, சுகாதார நிலையத்துல மொத ஆளா போயி நின்னது யாருங்கிற? ஊசி போடலேன்னு டாக்டரம்மாவ ஏசுனவன், சட்டக் கைய மடிச்சு விட்டுட்டு, கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, மெதுவா சிஸ்டர்னான். பின்னால முண்டாசுப் பெரியவர் நின்னாரு. அன்னிக்கு அவ்வளவு நனைஞ்சும் ஒரு தும்மல் கூட வரலப்பான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. முண்டாச மட்டும் திரும்பக் கட்டிக்கிட்டாரு, அது வழுக்கைக்காக. அப்புறம் எந்த மழையிலயும் அந்த பஸ்ஸுல ரெண்டு ஷட்டராவது தெறந்தே இருக்கும். யாராவது எறக்கப் போனா அவரே கைய தட்டி விடுவாரு.

இப்ப செல்லியம்மன் இல்ல, வித்துட்டாங்க. ஜெகபர் பாய் மகன் வீட்டோட போயிட்டாரு. பெரியவரும் போயிட்டாரு, வயசாயி, தூக்கத்துல. இப்ப ஓடுற பஸ்ஸுல பட்டன அமுக்குனா கதவு தானா மூடுது. மழை பேஞ்சா மட்டும் எனக்குக் கிராம்பு வாசன வருது.

என்ன? மாமாவ அவன் இவன்னு சொல்றேனா? கதையிலதாண்டி சொல்ல முடியும். விடிஞ்சா "என்னங்க"ன்னுதான் கூப்புடணும்.

ஆமா, அந்த ஒத விட்ட புள்ள நீதான். தெரிஞ்சுக்கிட்டே எத்தன தடவ கேப்ப?

அதான் அம்மா இன்னிக்கும் பக்கத்துல படுக்கல. தம்பி பாப்பாவுக்கு மூணு மாசம்தான் ஆவுது. அந்த ஊசி போடுற வயசு அவனுக்கு இன்னும் வரல. நீ போட்டுக்கிட்ட, இருந்தும் வந்துடுச்சு. வரும், சில தடவ. ஆனா பாரு, மூணாம் நாளே எனக்கு ரசம் சோறு வேணும்னு கேட்டுட்ட. நெத்திய காட்டு. வேர்த்திருக்கு, நல்லது. நான் மொகத்துல கட்டியிருக்கிற இதுக்கு மேல என் கண்ணு மட்டும்தான் தெரியுது, இல்ல? அது சிரிக்குது, பாரு. இன்னும் ரெண்டு நாளு. அப்புறம் அம்மா மடி ஒனக்குத்தான்.

உஷ். சுவத்துல காத வெச்சுக் கேளு.

கல். கலகல.

கேட்டுச்சா? அம்மா கைய ஆட்டுறா. அந்தப் பக்கத்துலேர்ந்து ஒனக்கு முத்தம் குடுக்குறா. இன்னும் கொஞ்சம் இரு, வாசல்ல ஒரு ஆளு செருப்பக் கழட்டுற சத்தம் கேக்குது. உள்ள வராது அது. இப்பல்லாம் அதுக்கு நிக்கத் தெரியும்.

பீர்ர் பீர்ர்... பிப்.

"..."

"ம்" காணோமே.

சரி. பஸ்ஸு செட்டுக்குப் போயிடுச்சு, கதை கண்ணுக்குள்ள போயிடுச்சு. ஒனக்கும் ஒத்த விசில் அடிச்சாச்சு, தங்கம். தூங்கு.